வில்லில் ஏறிய நடை

ஆறு தட்டுகளை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகலாம். தக தக தக என்று இரண்டு இரண்டாகவும் போகலாம். எண்ணிக்கை மாறுவதில்லை, நேரமும் மாறுவதில்லை. அழுத்தம் விழும் இடம் மட்டும் மாறுகிறது. அது மாறியவுடன் உடம்பு வேறு பக்கம் சாய்கிறது. ஸ்பெயின் நாட்டு ஆட்ட மெட்டுகள் பலவற்றின் உயிர் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது. ஆறை மூன்று மூன்றாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அதையே இரண்டிரண்டாகக் கொடுப்பார்கள். காது சுதாரிப்பதற்குள் மூன்றுக்குத் திரும்பியிருப்பார்கள்.

எங்கள் பக்கத்துத் தவில்காரரும் உருமிக்காரரும் இதைச் செய்யக்கூடியவர்கள். அந்த இடம் வரும்போது காவடி எடுத்தவரின் தோள் தானாகத் திரும்பும். அவருக்குக் கணக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

*

இப்போதெல்லாம் ராத்திரியில் பாப்லோ சரசாத்தேயைக் கேட்கிறேன். இளையரசனேந்தலில் கடைசி பஸ் போனபிறகு கேட்பதற்கு நல்ல அமைதி உண்டு. சரசாத்தே 1844இல் ஸ்பெயினின் வடக்கே, நவாரா பகுதியின் பாம்ப்லோனா ஊரில் பிறந்தவர். அப்பா ராணுவ பேண்டு வாத்தியக் குழுவை நடத்தியவர். பையன் பன்னிரண்டு வயதில் பாரிஸ் இசைக் கல்லூரிக்குப் படிக்கப் போனான். போகும் வழியிலேயே கூடச் சென்ற அம்மா இறந்துபோனாள். பிறகு ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்று, அந்தக் காலத்துப் பெரிய இசையமைப்பாளர்கள் பலரும் அவருக்கென்றே எழுதும் அளவுக்கு உயர்ந்தார். சான்-சான்ஸ், லாலோ, புரூக் எல்லாரும் எழுதினார்கள்.

அவரே எழுதியவற்றில் என்னைப் பிடித்து வைத்திருப்பவை ‘ஸ்பானிய நடனங்கள்’. 1878 முதல் 1882 வரை நான்கு புத்தகங்களாக வந்தன. புத்தகத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு. மலகேன்யா, ஹபனேரா, அந்தலூசியக் காதல் பாட்டு, நவாரா ஹோத்தா, பிளாயெரா, சபத்தேயாதோ, கடைசியாக இன்னும் இரண்டு. வயலினும் பியானோவும் மட்டும். ஒவ்வொன்றும் சில நிமிஷங்கள்தான்.

*

சபத்தேயாதோ என்பது காலணியின் குதிகாலையும் முனையையும் தரையில் அடித்து ஆடும் ஆட்டம். ஆறு தட்டு நடை. ஆடுபவருக்குக் கீழே பலகைத் தரை வேண்டும், பக்கத்தில் கிதார் வேண்டும், சுற்றிலும் கைதட்டிக் குரல் கொடுக்கும் ஆட்கள் வேண்டும். சில ஆட்டங்களுக்கு நம் சப்ளாக்கட்டைக்கு உறவான கைக்கட்டைகளும் வேண்டும்.

சரசாத்தேயின் பக்கத்தில் இவை எதுவும் இல்லை. தரை போய்விட்டது, செருப்பு போய்விட்டது, கூட்டம் போய்விட்டது. நான்கு தந்தி மிச்சம். அப்போது என்ன செய்கிறார் என்று மெதுவாகக் கவனித்தால் தெரிகிறது. குதிகால் விழும் இடத்தில் வில் தந்தியின் மேல் குதிக்கிறது. கிதாருக்குப் பதிலாக, வில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடக்கை விரல் தந்தியைச் சுண்டுகிறது. தூரத்தில் யாரோ சீட்டி அடித்த மாதிரி ஒரு குரல் வேண்டுமென்றால், தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு அந்த மெல்லிய சுரத்தை எடுக்கிறார். ஒரு கையில் இரண்டு பேர், சில இடங்களில் மூன்று பேர்.

இதைக் கேட்டவர்கள் ‘வித்தை காட்டுகிறார்’ என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. அங்கே இல்லாத ஒவ்வொருவருக்காகவும் ஒரு கஷ்டமான விரல் வேலை வந்து சேர்ந்திருக்கிறது. ஆட்டக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் வில் குதிக்கவேண்டிய தேவையே வந்திருக்காது. அதனால்தான் இந்த இசையில் மினுக்கு இருந்தும் அடியில் ஒரு தனிமை கேட்கிறது. பாரிஸில் வாழ்ந்த ஒருவர், விட்டுவந்த ஊரின் ஆட்களையெல்லாம் ஒரு பெட்டிக்குள் கூட்டி வைத்துக்கொண்ட மாதிரி. ஒவ்வொரு ஜூலையிலும் சான் பெர்மின் திருவிழாவுக்குப் பாம்ப்லோனாவுக்குத் திரும்பி, ஊர்ச் சனங்களுக்கு வாசித்தார். ஐரோப்பிய அரண்மனைகளில் வாசித்தவருக்கு அந்த வருஷாந்திரக் கூட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது.

*

இளையரசனேந்தல் ஒரு பழைய ஜமீன் ஊர். நெடுங்காலம் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்தது, பிறகு கோவில்பட்டிப் பக்கம் சேர்ந்தது. சுற்றிலும் கரிசல். மழைக்குப் பிறகு பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் நிற்கும்; கோடையில் கால் நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். இங்கிருந்து கிழக்கே கோவில்பட்டியைத் தாண்டினால் எட்டயபுரம். தென்மேற்கே கழுகுமலை. மேற்கே, சங்கரன்கோவில் வட்டாரத்தில், சென்னிகுளம்.

இந்த மூன்று பெயர்களையும் வைத்துக்கொண்டு பார்த்தால், சரசாத்தே செய்த காரியத்துக்கு வேண்டிய எல்லாப் பொருளும் எங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்திருக்கிறது.

*

எட்டயபுரம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859). சென்னைக்கு அருகே மணலியில் அந்தக் குடும்பம் தங்கியிருந்தபோது, ஆதரித்து வந்த முதலியார் குடும்பத்தின் ஏற்பாட்டில், ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். அதில் நம் ராகங்களை வாசிக்க முடியும் என்று காட்டிய முன்னோடி அவர். 1824இல் எட்டயபுரம் அரசவை வித்வான் ஆனார். கரிசல் காட்டுக்கு வயலின் வந்து இருநூறு வருஷம் ஆகிறது. அண்ணன் முத்துசாமி தீட்சிதரும் கடைசியில் எட்டயபுரம் வந்து, 1835 தீபாவளி நாளில் அங்கேயே மறைந்தார். அட்டக்குளத்தின் கரையில் அவருக்குச் சமாதி இருக்கிறது.

அண்ணன் தம்பி இருவரும் சென்னைக் கோட்டை பேண்டில் கேட்ட வெள்ளைக்காரர்களின் மெட்டுகள் அண்ணனிடம் நோட்டு சுரங்களாயின. நாற்பதை ஒட்டிய எண்ணிக்கை. எல்லாம் சங்கராபரணத்தின் நேர் சுரங்களில், கமகம் அதிகம் இல்லாமல், சமஸ்கிருத சாகித்தியத்தோடு. ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’ ஓர் ஐரிஷ் ஆட்ட மெட்டு. ‘வரசிவ பாலம்’ என்பதன் மூல மெட்டுக்கு ‘காஸ்டீலியன் மெய்ட்’ என்று பெயர். ஸ்பெயினின் காஸ்டீல் நாட்டுப் பெண். சரசாத்தே பிறப்பதற்கு முன்பே ஸ்பெயினின் பெயரைச் சுமந்த ஒரு மெட்டு மதராஸ் வழியாகத் தீட்சிதர் வீட்டுக்குள் வந்து முருகனைப் பற்றிய பாட்டாகிவிட்டது.

யாரோ ஒரு சிப்பாய் தன் ஊர் நினைவில் பிடிலில் இழுத்த ஆட்ட மெட்டைக் கேட்டு, இதில் சாமியை நிறுத்தலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த மனசின் விரிவு எனக்குப் பெரிய ஆறுதல்.

*

உட்காரும் விதத்தைப் பற்றி ஒன்று.

சரசாத்தே நின்று வாசித்தார். வயலின் தாடைக்கும் தோளுக்கும் நடுவே. நம் வித்வான்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலுக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொள்கிறார்கள். தாங்கும் வேலை போய்விடுவதால் இடக்கை விடுதலையாகிறது. தந்தியின் மேலும் கீழும் வழுக்கி ஓடி கமகத்தைப் பிடிக்க முடிகிறது. இது எல்லாரும் சொல்வது, உண்மையும்கூட.

இன்னொன்றும் நடக்கிறது. வாத்தியம் காலில் ஊன்றியிருப்பதால் அந்தக் கால் அசையக் கூடாது. தாளம் எவ்வளவு வேகம் எடுத்தாலும், காவடிச் சிந்தே வாசித்தாலும், வயலினைத் தாங்கும் பாதம் கல்லாக இருக்க வேண்டும். ஆட்டம் முழுவதும் கைகளில்தான். கச்சேரியின் கடைசியில் சிந்து வாசிக்கும் வயலின்காரரின் வலது பாதத்தைப் பார்க்கிறவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எனக்கு இப்போது அதைத் தவிர வேறு எதையும் பார்க்கத் தோன்றுவதில்லை.

*

1904.

அந்த வருஷம் அறுபது வயது சரசாத்தே ஒலிப்பதிவுக் கம்பெனிக்காகக் கூம்புக் குழலின் முன் நின்று வாசித்தார். மைக் வராத காலம். குழல் வாங்கிய அதிர்வு நேராக ஊசிக்குப் போய் மெழுகில் கோடாக விழும். சபத்தேயாதோ அதில் இருக்கிறது. ஜிகாய்னர்வைசன் என்ற அவருடைய புகழ்பெற்ற ஜிப்சி மெட்டுத் தொகுப்பும் இருக்கிறது. அதன் நடுவே அவருடைய பேச்சுக் குரல் ஒரு கணம் கேட்கும். தட்டில் இடம் போதாததால் நிதானமான பகுதியை விட்டுவிட்டு வேகப் பகுதிக்குத் தாவுகிறார்கள். இரைச்சலுக்கு நடுவே தெரிகிற நாதம் மெலிந்தது, சுத்தமானது. அலட்டல் கிடையாது. இவ்வளவு சிரமமானதை இவ்வளவு சாதாரணமாகவா என்று கேட்கிறவர் கூச்சப்பட வேண்டியிருக்கிறது.

அதே 1904இல் எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சகத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சாகி வந்தது. எழுதியவர் சுப்பராம தீட்சிதர், பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன், அவரால் தத்தெடுக்கப்பட்டவர். தெலுங்கு எழுத்தில் பெரிய புத்தகம். ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி: இங்கே சுரம் அசைய வேண்டும், இங்கே வழுக்க வேண்டும், இங்கே தட்ட வேண்டும் என்று. இப்படி ஒரு நூல் வேண்டும் என்று வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார். நம் பாட்டுகளை ஐரோப்பிய சுரக் குறியீட்டில் அச்சிடுவதற்காகச் சொத்தையும் உடம்பையும் செலவழித்தவர்.

ஒருவர் வாசிப்பு கோடாக விழுந்த அதே வருஷத்தில், இன்னொருவர் வீட்டுப் பாட்டு எழுத்தாக விழுந்திருக்கிறது. எழுத்தில் இருப்பதை யாராவது உயிர்கொடுத்துப் பாட வேண்டும். தட்டில் இருப்பது தானே பாடும், ஆனால் எப்போதும் ஒரே மாதிரி பாடும். இரண்டிலும் எதை நம்புவது என்று யோசித்திருக்கிறேன். எட்டயபுரத்துப் புத்தகத்தின் பக்கம் என் மனசு சாய்கிறது; அதற்கு என் ஊர்ப் பாசம்தான் காரணமாக இருக்கக்கூடும் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

ஆனால் அந்தப் பெரிய புத்தகத்துக்கு வெளியே, அதற்கும் முன்பே, ஒன்று நடந்திருந்தது.

*

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். முப்பது வயதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர். 1891இல் அவர் இறந்தபோது சரசாத்தே புகழின் உச்சியில் இருந்தார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். ஊற்றுமலையிலிருந்து கழுகுமலை முருகனுக்குக் காவடி போகும்போது வழிநடையில் பாடுவதற்காக உண்டானவை ரெட்டியாரின் காவடிச் சிந்துப் பாட்டுகள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

சிந்து ரெட்டியாருக்கு முன்பே இருந்தது. நடந்தவர்கள் பாடிய மெட்டு, ஆடியவர்களின் மெட்டு. அவர் அதை எடுத்து, அதற்குள் எதுகையும் மோனையும் இயைபும் அடுக்கடுக்காக விழும்படி எழுதினார். நாக்கு தடுக்கும் அளவுக்கு நெருக்கம். மூச்சு விட இடம் தேட வேண்டும். தெளிவாக, தாளம் பிசகாமல், தோளில் சுமையோடு அதைப் பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். கிராமத்து ஆட்ட மெட்டை எடுத்து, அதன் எலும்பை உடைக்காமல், மிகத் தேர்ந்தவர் மட்டுமே முழுசாகச் செய்யக்கூடிய ஒன்றாக மாற்றியிருக்கிறார். சரசாத்தே வில்லால் செய்ததை ரெட்டியார் நாக்கால் செய்தார் என்று நான் நினைக்கிறேன். இருவரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி காவடிச் சிந்தைப் பதிப்பித்தார். சங்கீதம் தெரிந்த எழுத்தாளர் அந்த வேலையைச் செய்தது பொருத்தம். எட்டயபுரத்துப் பாரதி சிந்து மெட்டுகளில் எழுதியதும் இந்தக் காற்றைக் குடித்து வளர்ந்ததால்தான்.

*

சொல் போய்விட்டால் சிந்தில் என்ன மிஞ்சும்?

வயலினில் வாசிக்கும்போது இந்தக் கேள்வி வருகிறது. ரெட்டியாரின் அடுக்குகள் முழுக்கச் சொல்லில் இருக்கின்றன. வாத்தியம் அதைச் சொல்லாது. சுர வரிசை மட்டும் எளிமையாக நிற்கும். சாதாரணமாக வாசித்தால் பாட்டின் நிழல்தான். ஆகவே வில்தான் அந்த எதுகைகளைச் செய்தாக வேண்டும். ஒரே மாதிரி முடியும் சொற்களுக்கு ஒரே மாதிரி வில் வெட்டு. வல்லின எழுத்து விழும் இடத்தில் வில்லின் அடி. மெல்லினத்துக்கு வில்லைத் தூக்காமல் அடுத்த சுரத்துக்கு வழுக்கல். நல்ல வித்வான்கள் துக்கடாவாக வாசிக்கும்போதும் இதைச் செய்கிறார்கள். காது கொடுத்தால் மெய்யெழுத்துகள் கேட்கும்.

சரசாத்தேயின் கஷ்டம் இல்லாத ஆட்களிலிருந்து வந்தது. இங்கே கஷ்டம் இல்லாத சொற்களிலிருந்து வர வேண்டும்.

*

தேவராட்டத்தை இந்தக் குறிப்பில் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. ராஜகம்பளத்து நாயக்கர்களின் ஆட்டம். எட்டயபுரம் பக்கத்து ஜமீன் கோடாங்கிபட்டி அதற்குப் பேர் பெற்ற ஊர். தலையில் துணிக்கட்டு, கையில் கைக்குட்டை, காலில் சலங்கை. பாட்டே கிடையாது. தேவதுந்துபி மட்டும் அடிக்க, அடிக்கேற்பக் கால் மாறும். முன்னால் ஆடுபவர் மாற்றியதும் வரிசை முழுவதும் மாறும். மெட்டே இல்லாத இதை எந்த வயலின் எடுக்கும்? எடுக்க வேண்டியதும் இல்லை. நாட்டார் கலை எல்லாம் மேடைக்கு மூலப்பொருள் என்று நினைக்கிறவர்களிடம் நான் இந்த ஆட்டத்தைத்தான் சொல்வேன். சிலது அங்கேயே முழுமையாக இருக்கிறது.

*

கரிசலில் சிந்து மெட்டின் பெரிய வாத்தியம் நாகஸ்வரம்தான். அதை மறைத்துவிட்டு வயலினைப் பற்றிப் பேசுவது சரியாகாது. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) ராகத்தை மணிக்கணக்கில் விரிக்கக்கூடியவர். கோவில் வீதியில், தவில் பக்கத்தில் நிற்க, நடந்துகொண்டே வாசிக்கும் வாத்தியம் அது. வாசிப்பவர் கால் நகர்கிறது, கேட்பவர் காலும் நகர்கிறது. காவடிக்கு அதுதான் சொந்தம். வயலின் அந்த வீதியில் எடுபடாது. அதற்குக் கூரை வேண்டும், அடங்கிய கூட்டம் வேண்டும்.

வயலினைத் தவிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தவர் குன்னக்குடி வைத்தியநாதன். வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு அவர் செய்த கச்சேரிகளுக்கு ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. மகுடி வாசித்தார், நாட்டு மெட்டு வாசித்தார், சினிமாப் பாட்டு வாசித்தார். வயலினால் பேசினார், பறவைக் குரல் எழுப்பினார். சங்கீதத்தைக் கீழே இறக்குகிறார் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. அவர் நெற்றி நிறைய விபூதியோடு சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டுக்குப் போனார். சரசாத்தே இறந்தது 1908 செப்டம்பரில். குன்னக்குடி இறந்தது 2008 செப்டம்பரில். நூறு வருஷ இடைவெளி தற்செயல்தான். இருந்தாலும் இரண்டு பெயரையும் ஒரே பக்கத்தில் எழுத எனக்கு அது ஒரு சாக்கு. சனங்கள் ஏற்கனவே காலால் அறிந்திருந்த ஒன்றை விரலால் திருப்பிக் கொடுத்தவர்கள் இருவரும். அதைக் குறைவாகப் பேசியவர்கள் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை.

*

குன்னக்குடி மேடையில் அந்தந்த நேரத்தில் பிறந்ததை வாசித்தார். சரசாத்தே எழுதி வைத்தார். அந்த எழுத்தால்தான் இன்று எந்த நாட்டிலும் ஒரு பெண் அறைக்குள் தனியாக உட்கார்ந்து, நவாராவின் ஹோத்தாவோடு மாசக்கணக்கில் மல்லுக்கட்ட முடிகிறது. நமக்குத் தில்லானாக்கள் இருக்கின்றன. ஆட்டத்திலிருந்தே பிறந்த வடிவம். லால்குடி ஜெயராமன் இயற்றியவை நாட்டிய மேடையிலும் கச்சேரி மேடையிலும் நிலைத்துவிட்டன. ஆனால் அது சலங்கை கட்டிய மேடையின் ஆட்டம். வெறுங்காலோடு தார்ச் சாலையில் கழுகுமலைக்கு நடக்கிறவர்களின் நடை வயலினுக்கென்று எழுதப்பட்டு, கச்சேரியின் நடுவில் வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை. சிந்து இன்றும் கடைசியில்தான் வருகிறது, சபை எழுந்திருக்கத் தயாராகும் நேரத்தில்.

அது நடுவில் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்பதைவிடக் கோரிக்கை என்றே வைத்துக்கொள்ளலாம். கோவில்பட்டியிலோ சங்கரன்கோவிலிலோ இன்று வயலின் கற்கும் பிள்ளைகளில் ஒருவர் எழுதட்டும். ஒரு சிந்தை எடுத்து மூன்றாம் காலம் வரை வேகப்படுத்துவது போதாது. மெட்டுகளைத் தொகுக்க வேண்டும்: ரெட்டியாரின் மெட்டுகள், வழிநடையில் பெண்கள் பாடுகிறவை, நையாண்டி மேளக்காரர்கள் ஊதுகிறவை. செஞ்சுருட்டி ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. பக்கவாத்தியம் மிருதங்கமா தவிலா என்றால், முதலில் உருமியோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன். உருமியின் அந்த இழுப்பு வில்லின் இழுப்புக்குப் பக்கத்தில் நிற்கும்.

சரசாத்தேயின் ஓபஸ் 23இல் சபத்தேயாதோவுக்கு முன்னால் பிளாயெரா இருக்கிறது. மெதுவானது, ஏறக்குறைய அழுகை. ஆட்டத்துக்கு முன் பாடுகிறவனின் குரல் அது. நம் பக்கத்தில் அந்த இடத்துக்கு விருத்தம் இருக்கிறது. தாளம் இல்லாமல், காவடி எடுப்பதற்கு முன் ஒருவர் தொண்டையைத் திறந்து பாடுவது. எழுதப்போகிற பிள்ளை அங்கிருந்து தொடங்கலாம். முதல் தகிட விழுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி.